அடுத்த வீட்டுப் பூனையும் நம் வீட்டுப் பிள்ளையும்



குடும்ப நலக் கூட்டம் என்றதும் கருத்தடை, தாய்ப்பால், தடுப்பூசி அட்டை என்றுதான் பேச்சு இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னங்க இது, பூனைக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நல்லாச் சிரியுங்கள். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேசி முடித்த பிறகு, கூட்டம் கலையும் நேரத்தில் தாய்மார்கள் தனியாக வந்து கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. "பக்கத்து வீட்டுப் பூனை நினைச்ச நேரம் உள்ளே வந்து பாயுது. விரட்டினா திரும்பிச் சீறுது. பிள்ளையைப் பிறாண்டிவிட்டது. போய்ச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. நாங்க என்ன செய்யுறது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் கையில் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தை இருக்கும். கணவர் வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பூனையோடு பகல் முழுவதும் மல்லுக்கட்ட வேண்டியது அந்த அம்மாதான்.

பூனை வேண்டாத பிராணி என்று நான் சொல்ல வரவில்லை. நெல் மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் அடுக்கி வைத்திருக்கிற வீட்டுக்குப் பூனையின் அருமை தெரியும். நாம் பேசுவது, அடக்குவார் இல்லாமல் தெருவெல்லாம் சுற்றி, கண்ட வீட்டில் நுழைந்து, கடிக்கவும் பிறாண்டவும் துணிந்துவிட்ட பூனையைப் பற்றி. அப்படி ஒன்று அடுத்த வீட்டில் இருந்தால் இரண்டு காரியங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று காயம், மற்றொன்று அடுத்த வீட்டாரோடு உள்ள உறவு. இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஊர் பெயர் வேண்டாம். திண்ணையில் விளையாடிய நாலு வயதுப் பையனின் முழங்கையில் பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை பிறாண்டி, ரத்தம் வந்துவிட்டது. தாய் என்ன செய்தாள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றாள். "உன் பூனை செஞ்ச வேலையைப் பாரு" என்று அவள் ஆரம்பிக்க, "உன் பையன் வாலைப் பிடிச்சு இழுத்திருப்பான்" என்று அந்தப் பக்கம் பதில் வர, பேச்சு வளர்ந்து, போன வருஷத்து முருங்கை மரத் தகராறு வரைக்கும் போய்விட்டது. அதற்குள் பாட்டி காயத்தில் காபித் தூளை அப்பிவிட்டார். சாயங்காலம் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கம்பை எடுத்துக்கொண்டு, "அந்தப் பூனையை இன்னிக்கு ஒரு வழி பண்ணுறேன்" என்று கிளம்பினார். பூனைக்காரர் பயந்துபோய், ராத்திரியோடு ராத்திரியாகப் பூனையைக் கோணியில் கட்டி எங்கோ கொண்டு போய் விட்டுவிட்டார். மறுநாள் காலையில்தான் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "பூனை எங்கே? எப்படி இருக்கு?" என்பது. யாருக்கும் தெரியவில்லை. பையன் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். ஆனாலும், ஏன் டாக்டர் பூனையைக் கேட்டார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெறிநோய், அதாவது ரேபிஸ், நாயால் மட்டும் வருகிறது என்று நம்மில் பலருக்கு எண்ணம். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான் வருகிறது, உண்மைதான். ஆனால் வெறிபிடித்த நாய் கடித்தால் பூனைக்கும் அந்த நோய் வரும், பூனை கடித்தால் மனிதருக்கும் வரும். நோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. பூனை நாள் முழுக்கத் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி அல்லவா? அதனால் நகக் கீறலையும் பல் காயத்தைப் போலவே எண்ண வேண்டும். "பல்லு படலை, நகந்தான்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இந்த நோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உடனே கழுவி, ஊசியை முறையாகப் போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு எளிய தடுப்பு இருப்பது நம் நல்ல காலம்.

ஆகவே பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ முதல் வேலை சோப்பும் தண்ணீரும். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் செம்பில் மொண்டு ஊற்ற, ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவலாம். பதினைந்து நிமிஷம் என்பது நீங்கள் நினைக்கிறதைவிட அதிக நேரம். மூன்று சினிமாப் பாட்டு ஓடுகிற நேரம். பிள்ளை அழும். அழட்டும். காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், பச்சிலை ஒன்றும் காயத்தின் மேல் வைக்கக் கூடாது. அவை கிருமியைக் கொல்வதில்லை, காயத்தைப் புண்ணாக்கும். வேர் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் மனசுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

கழுவி முடித்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி கட்டணமின்றிப் போடுகிறார்கள். ரத்தம் வருகிற காயமானால், காயத்தைச் சுற்றிலும் உள்ளேயும் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே போங்கள். ரண ஜன்னி ஊசி வேண்டுமா என்பதையும் டாக்டர் சொல்லுவார். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். கருவுக்கோ குழந்தைக்கோ கெடுதல் இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி ஞாபகம் வருகிறது போலும்! குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையத்தைப் பற்றி அந்தக் காலத்தில் கேள்விப்படாத ஊர் இல்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது தொப்புள் பக்கமே வருவதில்லை. மேல் கையில் தோலுக்குள் சிறிதளவு மருந்து, நான்கு தடவை, அவ்வளவுதான். முதல் நாள் திங்கட்கிழமை என்றால், அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள், கடைசி ஊசி முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வருகிற திங்கள். சில இடங்களில் சதையில் போடும் முறை உண்டு, அதற்கு ஐந்து தடவை. அட்டையில் எழுதிய தேதியைப் பார்த்து வாருங்கள். கடைசி ஊசியைத்தான் நம் ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது, நடவு வேலை வந்துவிட்டது என்று காரணம் சொல்லுகிறார்கள்.

சரி, டாக்டர் பூனையை ஏன் கேட்டார்? கடித்த நாயோ பூனையோ பத்து நாள் வரைக்கும் உயிரோடு, நோய் எதுவும் இல்லாமல் இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று பொருள். அதை வைத்து, மீதி ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு செய்ய முடியும். பத்து நாளைக்குள் பூனை சோர்ந்துபோனாலும், செத்தாலும், குரல் மாறி, பின்னங்கால் தள்ளாடி, காரணமில்லாமல் பாய்ந்தாலும் உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பது இதன் பொருள் அல்ல. ஊசியை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டு, பூனையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் பூனையைக் கவனிக்கப் போவது யார்? நாமா? அடுத்த வீட்டுக்காரர்தான். "இன்னிக்குச் சோறு தின்னுச்சா அக்கா? எப்பவும் போல இருக்கா?" என்று காலையில் ஒரு வார்த்தை கேட்கிற அளவுக்கு அந்த வீட்டோடு நமக்குப் பேச்சு இருக்க வேண்டும். சண்டை போட்டுவிட்டால் அவர்கள் பூனையை ஒளித்து வைப்பார்கள், அல்லது எங்கேயாவது விட்டுவிடுவார்கள், "எங்க பூனையே இல்லை" என்றும் சொல்லுவார்கள். நாம் கோபத்தில் பூனையை அடித்துக் கொன்றாலும் அதே கதிதான். நமக்கு வேண்டிய தகவல் போய்விட்டது. ஆகவே அடுத்த வீட்டு உறவு இந்த வைத்தியத்தில் ஒரு பகுதி. மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, பிள்ளையின் உடம்புக்காகவே சொல்லுகிறேன்.

இனி, பூனை ஏன் பாய்கிறது என்று பார்ப்போம். காயடிக்காத கடுவன் பூனை வேறு கடுவனைக் கண்டாலும், பெட்டையைத் தேடி அலையும்போதும் முரட்டுத்தனமாக இருக்கும். குட்டி போட்ட பெட்டை, குட்டிக்குப் பக்கத்தில் யார் போனாலும் பாயும். உங்கள் வீட்டுப் பரணிலோ விறகுக் கட்டுக்குப் பின்னாலோ அது குட்டி போட்டிருக்கலாம். போய்ப் பாருங்கள், ஆனால் கையை விடாதீர்கள். பசித்த பூனை மீன் வாசனைக்கு வரும். நாம் மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் வாசலிலேயே கொட்டிவிட்டு, பூனை வருகிறதே என்று வருத்தப்படுகிறோம். அதைக் குழியில் போட்டு மண் தள்ளுங்கள். பூனையை மூலையில் மாட்டவைத்து அடிக்கக் கூடாது. மூலையில் மாட்டிய பூனை முகத்தைப் பார்த்துப் பாயும். கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று, தரையில் தட்டிச் சத்தம் போடுங்கள். ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரை வீசினால் போதும், வெந்நீர் வேண்டாம். இரண்டு பூனை சண்டை போட்டால் கையால் விலக்காதீர்கள், ஒரு சாக்கை மேலே எறியுங்கள். பிள்ளைகளுக்கு, சாப்பிடுகிற பூனையையும் தூங்குகிற பூனையையும் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

தொட்டில் குழந்தை இருக்கிற வீட்டில் தூளிக்கு மேல் கொசுவலை போடுங்கள். கொசுவுக்கும் ஆகும், பூனைக்கும் ஆகும். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்பது வெறும் கதை. அது சூட்டைத் தேடி வந்து படுக்கிறது. ஆனால் பச்சைக் குழந்தையின் பக்கத்தில் அது படுப்பது ஆபத்துதான். ஜன்னலுக்குக் கோழிவலை அடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆண்கள் செய்ய வேண்டிய வேலை என்று இதைத் தனியாகச் சொல்லுகிறேன்.

இப்போது அடுத்த வீட்டுக்கு எப்படிப் போவது? காயம் பட்ட அன்றைக்குப் பூனையைக் கட்டிப் போடாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மற்றப் பேச்சை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். குழாயடியில் பத்துப் பேர் முன்னால் பேச வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். மனைவி மட்டும் போனால் பெண்கள் சண்டை என்பார்கள், கணவன் மட்டும் போனால் மிரட்ட வந்தான் என்பார்கள். போகிறதற்கு முன்னால் நீங்கள் இருவரும் ஒரு பேச்சாக இருக்க வேண்டும். "ஒரு பூனைக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா?" என்று மனைவியைக் கேலி செய்கிற கணவர்களைப் பார்க்கிறேன். பகல் முழுக்க வெளியே இருப்பவருக்கு அது ஒரு பூனை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் தூளியிலுமாக இருப்பவளுக்கு அப்படி இல்லை.

"உங்க பூனையால எங்களுக்கு இம்சை" என்று ஆரம்பிக்காதீர்கள். "சித்தி, பையனுக்கு ரெண்டு ஊசி ஆயிடுச்சு. இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன செய்யலாம்னு உங்களையே கேட்க வந்தோம்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அந்தச் சித்தி தனியாக இருக்கிற கிழவியாக இருக்கலாம். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். பேச்சுத் துணைக்கு அந்தப் பூனை ஒன்றுதான். அவரிடம் போய்ப் பூனையைத் தொலைத்துவிடு என்றால் எப்படிக் கேட்பார்? அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை, தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் சோறு வைத்து, ராத்திரி பூனையை உள்ளே வைத்துக்கொள்வது, மாட்டாஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருஷா வருஷம் திரும்பப் போடுவது, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவது. ஆட்டோக் கூலியில் பாதி நாங்கள் தருகிறோம் என்று சொல்லுங்கள். அல்லது நாங்களே கொண்டு போய் வருகிறோம் என்று சொல்லுங்கள். வயதானவரால் பூனையைப் பிடித்துப் பஸ்ஸில் கொண்டு போக முடியுமா?

ஆம், பூனைக்கும் குடும்பக் கட்டுப்பாடு உண்டு! இப்போது சிரிக்கலாம். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று நாம் சுவரில் எழுதினோம், பூனை அதைப் படிக்கவில்லை. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து, ஈத்துக்கு மூன்று நாலு குட்டி. ஒரு தெருவே பூனைத் தெருவாக எத்தனை நாளாகும்? கடுவனுக்கு ஆபரேஷன் செய்தால் சுற்றுவதும் சண்டை போடுவதும் பெரும்பாலும் குறையும். மறுநாளே குறையாது, சில வாரம் ஆகும். எலி பிடிப்பதும் நின்றுவிடாது. ஆனால் கிடாவுக்கும் காளைக்கும் காயடிக்கிறவரைக் கூப்பிடாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

இன்னும் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். பொரித்த மீனில் எலி பசையைத் தடவி வேலி ஓரம் வைப்பது. அம்மா, ஐயா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அந்த மீனைப் பூனைதான் தின்னும் என்று என்ன நிச்சயம்? தவழுகிற பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். எலி பசையில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலை அழிக்கும். அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் ஒன்று. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, பிராணியைக் கொன்றாலும் முடமாக்கினாலும் ஐந்து வருஷம் வரை சிறை. கோணியில் கட்டி அடுத்த ஊரில் விடுவதும் தீர்வு அல்ல. பல பூனைகள் திரும்பி வந்துவிடும். வராதவை அந்த ஊர்ப் பிள்ளையைப் பிறாண்டும்.

கர்ப்பமாக இருக்கிற தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக் கூடும். கர்ப்ப காலத்தில் அது புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். பூனையைப் பார்த்தாலே பயப்பட வேண்டாம், தொட்டதனால் மட்டும் சாதாரணமாக வராது. வீடு கட்டக் கொட்டிய மணலில் பூனை மலம் கழித்து மூடி வைக்கும். அந்த மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள். பூனை மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும், ஒரு நாள் கழிந்த பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வருகிறது. அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். தோட்ட வேலைக்குப் பிறகு சோப்பால் கை கழுவுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், கறியை நன்றாக வேக வையுங்கள்.

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைக் கொண்டு போவது எப்படி என்று ஒரு அம்மா கேட்கிறார். மூடி போட்ட மூங்கில் கூடையில் பழைய சேலைத் துணியை விரித்து, முதல் நாளே அதற்குள் சோறு வைத்துப் பழக்குங்கள். பூனை உள்ளே போனதும் மூடிக் கயிறு கட்டி, மேலே சாக்கைப் போர்த்துங்கள். இருட்டில் பூனை அடங்கிக் கிடக்கும். ஆபரேஷன் என்றால் அன்று காலையில் சோறு வைக்க வேண்டுமா என்று டாக்டரை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு தினம், லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாள். அந்த நாளை ஒட்டிப் பல இடங்களில் நாய் பூனைகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும். அது வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. இந்தத் தெருவில் பூனை வளர்க்கிறவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனால், எல்லாப் பூனையையும் ஒரே நாளில், ஒரே வண்டியில் கொண்டு போக ஏற்பாடு செய்ய முடியுமா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.